பாலைவன ஏரிக்கு வசந்தம் திறந்துவிடப்பட்ட கதை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகரத்துக்கு வடகிழக்கே பிரமிட் ஏரி கிடக்கிறது. சுற்றிவர மரமில்லாத மண்நிற மலைகள், நடுவில் கடுநீலத் தண்ணீர். பங்குனி, சித்திரையில் அங்கே போகிறவர்கள் காண்கிற காட்சி கொஞ்சம் விசித்திரமானது. கரையில் இருந்து தள்ளி, குளிர்தண்ணீருக்குள், வீட்டில் மின்குமிழ் மாற்ற வைக்கிற ஏணிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு ஏணியிலும் ஒரு ஆள், கையில் தூண்டில்.

காரணம் லேசானது. ஏரியின் ஓரம் கொஞ்சத் தூரம் ஆழமில்லாமல் போய், பிறகு திடீரென்று சரிந்து இறங்கும். அந்தச் சரிவின் விளிம்பை ஒட்டித்தான் மீன் திரியும். ஏணியில் ஏறினால் தூண்டிலைத் தூர வீசலாம், உடம்பும் விறைக்காது. வெயில் எறித்து, தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற அழகான நாள் அங்கே மீன்பிடிக்காரருக்கு உதவாத நாள். காற்று அடித்து, அலை எழும்பி, ஓரத் தண்ணீர் கலங்கினால்தான் பெரிய மீன் துணிந்து கிட்ட வரும். பருவம் ஐப்பசியில் தொடங்கி ஆனி முடிவோடு மூடப்படும். கோடையில் மீன் குளிர் தேடி ஆழத்துக்குப் போய்விடும்.

அங்கே பிடிபடுவது லஹோண்டன் கட்த்ரோட் ட்ரவுட். கீழ்த்தாடைக்கு அடியில் கத்தியால் கீறியது போலச் சிவப்புக் கோடு இருப்பதால் கழுத்தறுந்த மீன் எண்டு பெயர். வசந்தத்தில் அது கரைக்கு வருவது இரைக்காக மட்டும் இல்லை, முட்டையிட ஆற்றுவாய் தேடியும்தான். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் பல வருடங்கள் அந்த ஆற்றுவாயில் மீன் ஏறத் தண்ணீர் இருக்கவில்லை. நாங்கள் சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான்.

பனியுகத்தில் நெவாடாவின் வடமேற்கில் பரந்துகிடந்த லஹோண்டன் என்ற பேரேரியின் மிச்சம்தான் பிரமிட் ஏரி. வெளியே போகிற ஆறு கிடையாது. வருகிற தண்ணீர் ஆவியாகித்தான் போகவேண்டும், அதனால் உப்பும் காரமும் கூடிய தண்ணீர். உள்ளே வருகிற பெரிய ஆறு ஒன்றே ஒன்று: சியெரா நெவாடா மலையில் உள்ள டாஹோ ஏரியில் புறப்பட்டு, ஏறத்தாழ 190 கிலோமீற்றர் ஓடிவருகிற டிரக்கி. மலையில் பனி உருகினால் ஆறு பெருகும். ஆறு பெருகினால் மீன் ஏறும். பாலைவனத்துக்கு வசந்தம் வருவது மழையாக இல்லை, உருகின பனியாக.

ட்ரவுட்டோடு சேர்ந்து ஏறுகிற இன்னொரு மீன் குவீவீ. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத மீன். தடித்த உதடு, மங்கல் நிறம், தூண்டில்காரர் யாரும் படம் எடுத்துப் போடாத மீன். ஆனால் அந்தக் கரையில் வாழும் வடக்குப் பையூட் மக்களின் பழைய பெயரே 'குவீவீ தின்கிறவர்கள்' என்றுதான் பொருள்படும். வசந்த மீன் ஏற்றத்துக்கு அயல்கூட்டங்களும் வந்து கூடும், பிடித்ததைக் காயவைத்துச் சேமிப்பார்கள். 1844 ஜனவரியில் ஃப்ரேமொண்ட் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி இங்கு வந்தபோது, அவருடைய ஆட்களுக்கு பையூட்டுகள் கொடுத்தது இந்த ஏரியின் ட்ரவுட்டைத்தான். அவர் செய்த காரியம், ஏரிக்குள் நிற்கிற கூம்புப் பாறையைப் பார்த்து எகிப்தின் பெயரை வைத்தது.

16 வருடத்துக்குப் பிறகு, 1860இன் வசந்தத்தில், அதே கரையில் பையூட்டுகள் கூடி யுத்தமா சமாதானமா என்று பேசினார்கள். வெள்ளிச் சுரங்கத்துக்கு வந்து குவிந்த சனம் அவர்களுடைய காட்டையும் புல்வெளியையும் அழித்துக்கொண்டிருந்தது. நுமாகா என்ற தலைவர் சண்டை வேண்டாம் என்று சாப்பிடாமல் கிடந்து கேட்டார். ஆனால் கடத்தப்பட்ட பையூட் பெண்பிள்ளைகளை மீட்கப்போன இடத்தில் வெள்ளையர் சிலர் கொல்லப்பட்ட பிறகு, பேச்சுக்கு இடமில்லாமல் போனது. மே மாதத்தில் ஓர்ம்ஸ்பியின் தலைமையில் வந்த நூற்றுச்சொச்சம் தொண்டர்படையில் பெரும்பாலானோர் டிரக்கி ஆற்றங்கரையில் செத்தார்கள், ஓர்ம்ஸ்பியும் சேர்த்து. ஜூனில் பெரிய படை வந்து பையூட்டுகளைப் பின்வாங்க வைத்தது. ஏரியும் ஆற்றின் கடைசிப் பகுதியும் 1859இலேயே அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. 1874இல் ஜனாதிபதி கிராண்ட் அதைக் கையொப்பமிட்டு உறுதிசெய்தார்.

நிலம் காகிதத்தில் வந்துவிட்டது. தண்ணீரைப் பற்றி அந்தக் காகிதம் ஒன்றும் சொல்லவில்லை.

பாலைவனத்தை விவசாய நிலமாக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து அமெரிக்காவின் பெருங்கனவு. அதற்கான சட்டம் 1902இல் வந்தது, கொண்டுவந்தவர் நெவாடாவின் காங்கிரஸ் உறுப்பினர் நியூலாண்ட்ஸ். அந்தச் சட்டத்தின் முதல் திட்டங்களில் ஒன்று அவருடைய சொந்த மாநிலத்திலேயே நடந்தது. 1905இல் டிரக்கி ஆற்றுக்குக் குறுக்கே டெர்பி அணை கட்டி முடிந்தது. பெரிய அணை இல்லை, ஆற்றை வாய்க்காலுக்குத் திருப்புகிற தாழ்வான கட்டுத்தான். அந்த வாய்க்கால் தண்ணீரை ஃபாலன் பக்கத்துப் புதுக் குடியேற்றங்களுக்கும் அவர்களுடைய புல் வயல்களுக்கும் கொண்டுபோனது.

ஏரி இறங்கத் தொடங்கியது. 1960களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 24 மீற்றர், எட்டு மாடி உயரம். பக்கத்தில் கிடந்த வின்னமக்கா ஏரி 1930களில் முழுதாக வற்றிப்போனது. பறவைகளுக்காக 1936இல் அதைச் சரணாலயம் என்று அறிவித்திருந்தார்கள். பிறகு தண்ணீரே இல்லாத சரணாலயத்தைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். பிரமிட்டில் மட்டம் இறங்க, ஆற்றுவாயில் மணல் அகலமாகப் பரவிவிட்டது. ஏறவந்த மீன் கணுக்கால் தண்ணீரில் துடித்தது, அனாஹோ தீவின் கூழைக்கடாக்களுக்கு விருந்து.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1925இல் பையூட் ஜோன் ஸ்கிம்மர்ஹோர்ன் இந்த ஏரியில் பிடித்த ட்ரவுட் 41 இறாத்தல், அதாவது 18 கிலோவுக்கு மேல். அந்த இனத்தில் இன்றுவரை உலகச் சாதனை அதுதான். படத்தில் பார்க்கிறவருக்கு ஏரி செழித்துக் கிடந்தது எண்டுதான் தோன்றும். ஆனால் அவை கிழட்டு மீன்கள், பின்னால் குஞ்சு இல்லை. 1938இல் கடைசியாக ஏறின. அடுத்த சில வருடங்களில் பிரமிட்டின் சொந்த ட்ரவுட் ஏரியில் இல்லாமல் போய்விட்டது. பெரிய மீன் அகப்படுகிறது என்பதை வைத்து ஏரியின் நலத்தைக் கணக்கிட ஏலாது.

குவீவீ எப்படித் தப்பியது? ஆயுளால். அந்த அழகில்லாத மீன் 40 வருடத்துக்கு மேல் வாழும். ஆறு வராத வருடம் ஏறாமல், முட்டையிடாமல், சும்மா காத்துக்கிடக்கும். 1980களில் ஆராய்ந்தபோது முதிர்ந்த மீன்களில் பெரும்பாலானவை 1969 என்ற ஒரே வசந்தத்தில் பிறந்தவையாக இருந்தன. அந்த வருடம் தண்ணீர் தாராளமாக வந்தது. ஒரு முழு இனம் ஒரே ஒரு நல்ல வருடத்தில் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

மீனுக்குக் காத்திருக்கத் தெரியும், சனத்துக்கு வழக்குப் போடவும் தெரியும். ஆனால் வழக்கைப் பேசினவர் யார் என்று பாருங்கோ. 1908இல், மொன்டானாவில் நடந்த வேறொரு வழக்கில், ஒதுக்கப்பட்ட நிலத்தோடு அதற்கு வேண்டிய தண்ணீரும் ஒதுக்கப்பட்டதாகவே கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சட்டம் பையூட்டுகளின் பக்கம் இருந்தது. 1913இல் அமெரிக்க அரசாங்கமே டிரக்கியின் உரிமைகளைத் தீர்க்க வழக்குத் தொடர்ந்தது. ஒரே அரசாங்கம், நீர்ப்பாசனத் திட்டத்துக்கும் வழக்காளி, பையூட்டுகளுக்கும் வழக்காளி. 1944இல் முடிவு வந்தபோது பையூட்டுகளுக்கு எழுதப்பட்டது பயிர்செய்யத் தேவையான தண்ணீர் மட்டும். மீனுக்கு ஒரு துளியும் இல்லை. தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த மக்களிடம், நீங்கள் இனிக் கமக்காரர் என்று சொன்ன தீர்ப்பு அது. இதைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்டபோது, 1983இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. தீர்ந்த வழக்குத் தீர்ந்ததுதானாம். எங்களுக்கு இந்த வரலாற்றிலேயே மிகக் கசப்பான இடம் இதுதான். அணை கட்டினவர்களைக் கூட அந்தக் காலத்துக் கனவில் மயங்கினவர்கள் என்று விளங்கிக்கொள்ளலாம்.

இந்த இடைக்காலத்தில் பையூட் நிலத்துக்குள் அத்துமீறிக் குடியிருந்தவர்களுக்கு அந்த நிலத்தை எழுதிக் கொடுக்க, செனட்டர் மக்கரன் 1937இல் இருந்து திரும்பத் திரும்பச் சட்டமூலம் கொண்டுவந்தார். பையூட்டுகள் ஒவ்வொரு முறையும் வொஷிங்டனுக்குப் போய்த் தடுத்தார்கள். விவாகரத்துக்காக நெவாடாவில் வந்து தங்கிய லீப்லிங் என்ற பத்திரிகையாளர் இதைக் கேள்விப்பட்டு, 1955இல் நியூயோர்க்கர் சஞ்சிகையில் நீளமாக எழுதினார்.

திருப்பம் மீனால்தான் வந்தது. 1967இல் குவீவீயும் 1970இல் லஹோண்டன் ட்ரவுட்டும் அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் ஏறின. 1972இல் வொஷிங்டன் நீதிமன்றம் ஒன்று, கட்டாயம் கொடுக்கவேண்டியதற்கு மேல் வாய்க்காலுக்குத் தண்ணீர் விட அரசாங்கத்துக்கு அனுமதி இல்லை, மிச்சம் ஏரிக்குப் போகவேண்டும் என்றது. மேலே ஸ்டாம்பீட் என்ற நீர்த்தேக்கம் 1970இல் கட்டி முடிந்திருந்தது, கட்டினது நகரத்துக்கும் பாசனத்துக்கும் என்று. அந்தத் தண்ணீரை மீனுக்கு விடத் தீர்மானித்தார்கள். தண்ணீர்ச் சபைக்காரர் வழக்குப் போட்டார்கள், 1984இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அதற்குப் பிறகு டிரக்கியில் வசந்தம் என்பது துருசு திறக்கிற ஆளின் கையிலும் இருக்கிறது. மலையில் பனி அளந்து பார்த்து, குவீவீ ஏறுகிற காலத்துக்குக் கணக்காகத் தண்ணீர் விடுவார்கள்.

பனியை அளந்து ஆற்றைக் கணிக்கிற வித்தையே இந்த மலையில்தான் வளர்ந்தது. ரீனோ பல்கலைக்கழகத்தில் இலத்தீன் படிப்பித்த ஜேம்ஸ் சேர்ச், மவுண்ட் ரோஸ் மலையில் ஏறிப் பனிக்குள் குழாய் இறக்கி நிறுக்கிற முறையை உண்டாக்கினார். டாஹோ ஏரியின் மட்டத்தைப் பற்றிய சண்டை அவருடைய காலத்திலேயே இருந்தது.

ஆற்றுவாய் மணலைத் தாண்ட 1970களின் நடுப்பகுதியில் மாபிள் பிளஃப் என்ற இடத்தில் அணையும் மீன் ஏறும் வாய்க்காலும் கட்டினார்கள். 1990இல் காங்கிரஸ் ஒரு தீர்வுச் சட்டம் நிறைவேற்றியது. நகரங்கள், இரண்டு மாநிலங்கள், பையூட்டுகள் எல்லாரும் சேர்ந்து நீர்த்தேக்கங்களை நடத்துகிற ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 2015 ஆகிவிட்டது.

ட்ரவுட்? அது கிட்டத்தட்டக் கட்டுக்கதை மாதிரி. யூட்டா எல்லையில் பைலட் பீக் மலையின் சின்ன ஓடை ஒன்றில் 1970களில் சில மீன்கள் அகப்பட்டன. எப்போதோ யாரோ கொண்டுபோய் விட்டவை. பிறகு அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டபோது, அவை பிரமிட்டின் சொந்த வழிதான் என்று தெரிந்தது. அவற்றைப் பொரிப்பகத்தில் பெருக்கி 2006இல் ஏரிக்குத் திரும்ப விட்டார்கள். 2014 வசந்தத்தில் அவை டிரக்கியில் ஏறி முட்டையிட்டன, 1938க்குப் பிறகு முதல்முறையாக. பங்குனியில் ஏணியில் நிற்கிறவர்கள் தேடிப்போவது இந்த வழி மீனைத்தான். தூண்டில் முள்ளில் எதிர்முள் இருக்கக்கூடாது, அனுமதிச் சீட்டு மாநில அரசிடம் இல்லை, பையூட் மக்களிடம் வாங்கவேண்டும். குவீவீயை யாரும் பிடிக்க முடியாது, அதன் பெயரைத் தாங்கிய சனமும் பிடிப்பதில்லை.

2020இல் டெர்பி அணையில் மீன் வாய்க்காலுக்குள் அள்ளுப்படாமல் தடுக்கிற வலை போடப்பட்டு, மேலே போகிற பாதை திறந்தது. அங்கிருந்து டாஹோ வரை இன்னும் தடுப்புகள் இருக்கின்றன. ஃபாலன் வாய்க்காலும் இன்றுவரை ஓடுகிறது.