குப்பைக் கிடங்கிலிருந்து தெருவுக்கு: தமிழகத்தில் நெகிழிச் சாலைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் (2002–2019)

ஆய்வுச் சுருக்கம்

நெகிழிக் கழிவைத் தார்ச்சாலையில் சேர்க்கும் உலர்முறை மதுரையில் உருப்பெற்றது. பின்னர் இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறையாகவும் நடுவண் அரசின் விதியாகவும் வளர்ந்தது. இவ்வளர்ச்சி பெரும்பாலும் ஓர் அறிவியல் கண்டுபிடிப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. இதனை உள்ளாட்சி நிர்வாகத்தின் வரலாறாகவும், கழிவைப் பிரித்தெடுக்கும் உழைப்பின் வரலாறாகவும் இக்கட்டுரை அணுகுகிறது.

திறவுச் சொற்கள்: நெகிழிக் கழிவு, உலர்முறை, தார்ச்சாலை, உள்ளாட்சி, தூய்மைப் பணியாளர், நெகிழித் தடை.

முன்னுரை

இந்தியாவில் பால், எண்ணெய், தின்பண்டம் முதலியவை மெல்லிய நெகிழி உறைகளில் விற்கப்படத் தொடங்கிய பின்னர் நகரக் கழிவின் இயல்பே மாறியது. கெட்டியான குடங்களையும் வாளிகளையும் பழைய பொருள் வணிகர்கள் எடை போட்டு வாங்கினர். பைகளையும் உறைகளையும் வாங்குவார் இல்லை. அவை சாக்கடையை அடைத்தன, கிடங்குகளில் எரிந்தன, கால்நடைகளின் வயிற்றில் சேர்ந்தன. விலையற்ற இப்பொருளுக்குப் பயன்மதிப்பை உண்டாக்கிய முயற்சியே நெகிழிச் சாலை.

ஓர் அமைப்பு, இரு கடமைகள்

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் (1992) சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, சாலைகளும் பாலங்களும் என்பதையும் திடக்கழிவு மேலாண்மையையும் நகர உள்ளாட்சிக்குரிய பணிகளாகவே பட்டியலிடுகிறது. 73-ஆவது திருத்தத்தின் பதினோராம் அட்டவணை, சாலைகளையும் துப்புரவையும் ஊராட்சிகளுக்குரியனவாகக் காட்டுகிறது. ஆயினும் நடைமுறையில் சாலை பொறியியல் பிரிவின் பொறுப்பாகவும், குப்பை சுகாதாரப் பிரிவின் பொறுப்பாகவும் பிரிந்தே இருந்தன. ஒரு பிரிவின் சுமையை மற்றொரு பிரிவின் மூலப்பொருளாக்கியதே நெகிழிச் சாலையின் நிர்வாக முக்கியத்துவம் ஆகும்.

உலர்முறையின் தோற்றம்

மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் இம்முறையை உருவாக்கினார். 2006-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அதற்கு முன்னரே பலபடிச் சேர்மங்களைத் தாருடன் கலக்கும் முறை உலகில் வழக்கில் இருந்தது. உருக்கிய தாரில் நெகிழியைக் கரைக்கும் அந்த ஈரமுறைக்கு வலிய கலக்கிகள் தேவை; கலவை ஆறும்போது இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் நெகிழியைச் சிறிதளவே சேர்க்க இயலும். வாசுதேவன் வரிசையை மாற்றினார். துண்டாக்கிய நெகிழியை அவர் தாரில் இடாமல், சூடேறிய ஜல்லியின்மீது தூவினார். சுமார் 160 முதல் 170 பாகை செல்சியசு வரை சூடான ஜல்லியின்மீது விழும் நெகிழி, ஒரு நிமிடத்திற்குள் உருகி மெல்லிய படலமாகப் படிகிறது. அதன் பின்னரே தார் சேர்க்கப்படுகிறது. கல்லில் நீர் புகுந்து தாரைப் பிரிப்பதே சாலையில் பள்ளம் விழுவதற்கு முதன்மைக் காரணம். நெகிழிப் படலம் அதனைத் தடுக்கிறது.

இம்முறையில் தாரின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை நெகிழியால் ஈடுசெய்யலாம் எனக் கணக்கிடப்பட்டது. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 10 டன் தார் தேவைப்படும் எனின், 9 டன் தாரும் 1 டன் நெகிழியும் போதும். சிக்கனத்தினும் இங்குக் கருதத்தக்கது எளிமையே. வழக்கமான தார்க்கலவை ஆலையே போதும். புதிதாக வேண்டியது நெகிழியைத் துண்டாக்கும் இயந்திரம் ஒன்றுதான். பெரும் முதலீட்டுக்கு வழியில்லாத பேரூராட்சியும் இதனை மேற்கொள்ள முடிந்தமைக்கு இதுவே அடிப்படை.

சோதனைத் தெருக்கள்

தொடக்கக்காலச் சாலைகள் பெரும்பாலும் உள்ளாட்சித் தெருக்களிலேயே அமைந்தன. சென்னை சம்புலிங்கம் தெரு (2002), ஈரோடு வீரபத்திரர் வீதி (2003), மதுரை வண்டியூர்ச் சாலை (2004), விளாச்சேரிச் சாலை (2005) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இதே காலத்தில் பெங்களூரிலும் பதப்படுத்திய நெகிழியைத் தாருடன் சேர்க்கும் முயற்சி நடைபெற்றது. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் அதனை ஆய்வுக்கு உட்படுத்தியது.

நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008-இல் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கை மேற்கூறிய தமிழகத் தெருக்களை ஆராய்ந்து, நான்கு ஆண்டுகளைக் கடந்த பின்னரும் அவற்றில் பள்ளமோ சக்கரத் தடமோ தோன்றவில்லை எனப் பதிவு செய்தது. பின்னாளில் எழுந்த கொள்கை முடிவுகளுக்கு இவ்வறிக்கை முக்கியச் சான்றாயிற்று. எனினும், வாரியத்திற்காக இவ்வாய்வை நிகழ்த்தியது முறையை உருவாக்கிய கல்லூரியே என்பதையும், ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்ட சாதாரணத் தார்ச்சாலை ஒன்றே என்பதையும் வரலாற்று ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டும். இது முடிவைப் பொய்யாக்குவதன்று. சான்றின் எல்லையை உணர்த்துவதாகும்.

நெறிமுறையும் சட்டமும்

இந்தியச் சாலைப் பேரவை 2013-இல் உலர்முறைக்கென நெறிமுறை (எஸ்.பி. 98) வெளியிட்டது. 2015 நவம்பரில் நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐந்து இலட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் அமையும் தார் மேற்பரப்புப் பணிகளில் நெகிழிக் கழிவைச் சேர்க்க வேண்டும் என ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத நெகிழியைச் சாலைக்குப் பயன்படுத்த உள்ளாட்சி அமைப்புகள் ஊக்கமளிக்க வேண்டும் என்றன; ஊராட்சிகளையும் இவ்விதிகள் தம் வரம்புக்குள் கொணர்ந்தன. இவ்வாறு, கல்லூரி வளாகத்தில் விருப்ப முயற்சியாகத் தொடங்கியது பதினைந்து ஆண்டுகளுக்குள் சட்டக் கடமையாயிற்று.

பிரித்தெடுக்கும் கைகள்

இம்முறையின் வெற்றி ஆலையின் வெப்பநிலையைச் சார்ந்திருப்பதைப் போலவே பிரித்தெடுத்தலையும் சார்ந்துள்ளது. பி.வி.சி. கலந்துவிட்டால் சூட்டில் ஐதரசன் குளோரைடு வளிமம் வெளிப்படும். எனவே நெறிமுறை அதனை முற்றாக விலக்குகிறது. மண்ணும் ஈரமும் உணவு மிச்சமும் ஒட்டிய உறைகள் ஜல்லியில் சரியாகப் படிவதில்லை. ஆகவே ஒரு டன் நெகிழி என்பது, ஒரு டன் அளவுக்குப் பொறுக்கி, இனம்பிரித்து, தூய்மைசெய்து, உலர்த்தித் துண்டாக்கிய நெகிழியாகும். இவ்வேலையைச் செய்தோர் நகரங்களில் தூய்மைப் பணியாளர்கள். ஊரகங்களில் தூய்மைக் காவலர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் ஆவர்.

கலவையின் விகிதம், வெப்பநிலை, துண்டின் அளவு ஆகியன நெறிமுறையில் எண்களாக இடம்பெறுகின்றன. பிரித்தெடுப்பவரின் உழைப்பு நேரத்திற்கும் கூலிக்கும் அத்தகைய எண் இல்லை. நெகிழி இலவசமாகக் கிடைக்கும் பொருள் எனக் கொண்டே சிக்கனக் கணக்கு போடப்படுகிறது. அவ்வுழைப்பைக் கணக்கில் சேர்த்தால் மிச்சம் குறையலாம். ஆனால் கணக்கு நேர்மையாகும்.

தடையும் சாலையும்

தமிழக அரசு 2018 சூன் 25-இல் பிறப்பித்த அரசாணையின்படி (எண் 84), ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கான தடை 2019 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பருமன் எதுவாயினும் கைப்பைகள் தடைக்குள் வந்தன; பால் உறை போன்ற சிலவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இங்கு ஒரு முரண் எழுகிறது. சாலைத் திட்டத்திற்கு மெல்லிய நெகிழி தொடர்ந்து கிடைக்க வேண்டும். தடைச் சட்டத்திற்கோ அது ஒழிய வேண்டும். கழிவுக்குப் பயன் உண்டு என்னும் வாதம், அதனை உற்பத்தி செய்வோர்க்குக் கேடயமாகவும் அமையக்கூடும்.

தேய்மானச் சிக்கலும் உண்டு. நெகிழி சேர்வது சாலையின் மேற்பரப்பில். சக்கரங்கள் தேய்ப்பதும், பழுதுபார்க்கையில் சுரண்டி எடுக்கப்படுவதும் அதே அடுக்கு. அவ்வாறு வெளிப்படும் நுண்துகள்கள் மழைநீரோடு எங்குச் சேர்கின்றன என்பதை ஆராய்வது பொறியாளர், வேதியியலாளர் ஆகியோரின் கூட்டுக் கடமை.

முடிவுரை

நெகிழிச் சாலையின் வரலாறு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, சிறு உள்ளாட்சிகளின் கைக்கெட்டும் எளிமையே ஒரு தொழில்நுட்பத்தைப் பரவச் செய்கிறது. இரண்டாவது, தடை செய்ய இயலாத நெகிழிக்கு மட்டுமே சாலை உரிய இடம். தடைக்கு அது மாற்றாகாது. மூன்றாவது, இச்சாலையின் ஒவ்வொரு கிலோமீட்டருக்குப் பின்னும் பிரித்தெடுத்த கைகள் உள்ளன. சாலைப் பணியின் மதிப்பீட்டில் தார், ஜல்லி ஆகியவற்றோடு அவ்வுழைப்பும் தனி இனமாக இடம்பெறும்போதே இவ்வரலாறு முழுமை பெறும்.