கேவலாதேவ் நீர்நிலையில் புல்லும் எருமையும் பறவையும்

முன்னுரை

நீர்நிலைகளில் வளரும் செடிகொடிகளே நீர்ப்பறவைகளுக்கு இரையும் மறைவிடமும் ஆகின்றன. அவையே அளவுகடந்து பெருகும்பொழுது பறவைகளை வெளியேற்றியும் விடுகின்றன. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட சமநிலையைப் பேணியவை எவை, அது குலைந்தது எவ்வாறு என்பதனை இராஜஸ்தான் மாநிலம் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மனிதர் ஆக்கிய நீர்நிலை

ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பூங்கா, அதனுள் அமைந்த சிவன் கோயிலால் பெயர் பெற்றது. இப்பகுதி இயற்கையான பள்ளமே எனினும், 18ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் காலத்தில் எழுந்த அஜான் அணையின் நீரே இதனை வளப்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரத்பூர் அரச குடும்பத்தினர் கரைகளும் மதகுகளும் அமைத்து இதனை வாத்து வேட்டைக்களமாக்கினர். 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் 4,273 பறவைகள் சுடப்பட்ட செய்தி இங்குள்ள கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளது.

மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றுவது இந்நீர்நிலையின் இயல்பு. வற்றிய சேற்றில் முளைத்த கோரைகளின் கிழங்குகளும் விதைகளும் பின்னர் வாத்துகளுக்கும் கொக்குகளுக்கும் உணவாயின. சுற்றுப்புறச் சிற்றூர்களின் எருமைகளும் மாடுகளும் நெடுங்காலமாக இங்கு மேய்ந்து வந்தன. ஆக, மதகு, கோடை, கால்நடை ஆகிய மூன்றும் சேர்ந்தே இதன் தாவரவளத்தை வரையறுத்தன எனலாம்.

மேய்ச்சல் தடை

1956இல் பறவைகள் சரணாலயமாகவும், 1981இல் ராம்சர் ஈரநிலமாகவும், 1982இல் தேசியப் பூங்காவாகவும் இவ்விடம் அறிவிக்கப்பட்டது. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை நடைமுறைக்கு வந்தது. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பதே அதன் அடிப்படை. தடையை ஆதரித்தோருள் பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் ஒருவர். எதிர்த்த ஊர்மக்கள் மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. பறவையைக் காக்கும் நோக்கில் எழுந்த ஆணைக்கு மனித உயிர் விலையாயிற்று.

புல்லின் பெருக்கம்

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் 1990 வரை இங்கு ஆய்வு மேற்கொண்டது. தடைக்கு முன்னரே ஆய்வு தொடங்கிவிட்டமையால் இரு நிலைகளையும் ஒப்பிட இயன்றது. வி.எஸ். விஜயன் தலைமையிலான குழுவின் முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. எருமைகள் அகன்றபின் பாஸ்பாலம் டிஸ்டிகம் என்னும் புல் கட்டுப்பாடின்றிப் பெருகி, நீர்ப்பரப்பின் மீது அடர்ந்த பாய்போல் படர்ந்தது. திறந்த நீரை நாடும் வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் இடம் சுருங்கியது, மீன்வளமும் பாதிப்புற்றது. மீனுண்ணும் பறவைகளுக்கு இது இரட்டை இழப்பாகும். எருமைகள் புல்லை உண்டும் மிதித்தும் நீர்ப்பரப்பைத் திறந்து வைத்திருந்தன என்பது அவை இல்லாதபொழுதே புலனாயிற்று. தடையை ஆதரித்த சாலிம் அலி நெடுங்காலம் தொண்டாற்றிய கழகத்தின் ஆய்வே தடையின் தீங்கை எடுத்துரைத்தமை கருதத்தக்கது.

1990இல் இப்பூங்கா ராம்சர் உடன்படிக்கையின் மாண்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நீர்ப்பற்றாக்குறையும் மேய்ச்சல் முறையின் சீர்குலைவும் அதற்குக் காரணங்களாயின. சைபீரியக் கொக்குகள் 2002க்குப்பின் இங்கு வரவில்லை. எனினும் அம்மறைவைப் புல்லின்மேல் மட்டும் ஏற்றுதல் பொருந்தாது. வலசைப் பாதையில் நிகழ்ந்த வேட்டையும் முதன்மையான காரணமாகும்.

மக்களின் மீள்வரவு

பின்னர் ஊர்மக்கள் புல்லறுத்துத் தீவனமாகக் கொண்டு செல்ல இசைவளிக்கப்பட்டது. சீமைக்கருவேலம் பரவியபொழுது, அதனை வேரோடு அகற்றும் பணியிலும் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டு, விறகைப் பயனாகப் பெற்றனர். ஆயினும் அறுவடை எருமைக்கு முழு ஈடாகாது. அரிவாள் கரையோரத்தையும் ஆழமற்ற பகுதியையுமே எட்டும். எருமையோ நீருக்குள்ளும் இறங்கி மேயும்.

முடிவுரை

கேவலாதேவ் தொடக்கம் முதலே மனிதக் கையால் உருவான நீர்நிலை. அதனைத் தீண்டப்படாத இயற்கையாகக் கருதி மக்களையும் கால்நடைகளையும் விலக்கியமையே தவறாயிற்று. நீர்த்தாவரங்களை முற்றிலும் அகற்றுவதோ முற்றிலும் வளரவிடுவதோ பறவைகளுக்கு நன்மை தராது. திறந்த நீரும் செடியடர்ந்த கரையும் அளவோடு கலந்திருத்தல் வேண்டும். அந்த அளவை அறிவதற்கு அறிவியல் ஆய்வோடு, அங்கு வாழ்வோரின் வழிவழி அனுபவமும் துணையாக வேண்டும் என்பது இவ்வரலாற்றால் தெளிவாகிறது.