கம்பி தின்ற காடு

தரவு நிலையங்களின் மின்பசியைப் பேசும் நாம், கடலடித் தந்திக்கம்பிகள் தின்ற மரங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் இடப்பட்ட கம்பிக்கு உறையானது, நம் வட்டாரக் காட்டுப் பிசினாகிய கட்டாபெர்ச்சா. 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல் ரப்பரையும் இதனையும் குறிக்கும். ஆயினும், ரப்பரைப் போல் இதனைக் கீறி வடித்தல் எளிதன்று; பால் விரைந்து உறைந்துவிடும். ஆதலால் மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். சிங்கப்பூர்த் தீவில் அம்மரம் சில ஆண்டுகளிலேயே அருகிற்று. கோடரி ஜொகூருக்கும் சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தது. சென்னையைப் பினாங்கு வழியே சிங்கப்பூரோடு 1871இல் இணைத்த கம்பியும் அவ்வுறை பூண்டதே.

2020இல் அதே தீவின் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குச் சென்றது. 2019 முதல் 2022 வரை புதிய நிலையங்களை அரசு நிறுத்திவைத்தது. ஜொகூரில் அவை பெருகின. அங்கே இப்போது தண்ணீரே கேள்வி.