கைத்தொழிலிலிருந்து அரைத்தாள் வரை: ஆசிரியர் கல்வியில் கலையின் இடம்

இந்தியக் கல்வியியல் கல்லூரிகளில் பி.எட். படிப்போர் இன்று 'கல்வியில் நாடகமும் கலையும்' என்றொரு தாளைப் படிக்கிறார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 2015 முதல் அப்படிப்பு ஈராண்டாக நீண்டபோது இந்தத் தாளும் சேர்ந்தது. வாசிப்பு, கணினித் தொழில்நுட்பம், தன்னையறிதல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்ட இதற்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முழுத்தாளின் மதிப்பெண்ணில் பாதியான 50ஐத்தான் ஒதுக்குகின்றன. கலை ஒருவழியாக ஆசிரியர் கல்விக்குள் நுழைந்துவிட்டது என்று இதை வரவேற்றவர்கள் உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கலை இங்கே புதிதாக நுழையவில்லை. ஒரு காலத்தில் கூடத்தில் இருந்தது, மெல்ல மெல்லத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. அடுத்தடுத்து வந்த சீர்திருத்தங்கள் கலையால் பள்ளி மாணவருக்கு என்ன பயன் என்றுதான் கேட்டன. அதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் ஏதேனும் ஒரு கலையைத் தாமே செய்து பழகியவரா என்ற கேள்வி பின்னுக்குப் போனது. ஒருங்கிணைந்த கலைக்கல்விப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் கலைக்கென்று ஒரு கற்பித்தல் முறை வகுக்கப்படவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. 1919இல் கலாபவனம் உருவாகி, நந்தலால் போஸ் அதன் பொறுப்பை ஏற்ற பிறகு, மழைக்கால விழா, மரநடு விழா என ஆண்டு முழுவதும் வந்த கொண்டாட்டங்களில் பாட்டும் நடனமும் தரைக்கோலமும் மேடை அலங்காரமும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே அவற்றைச் செய்தார்கள். அங்கே பாடங்களை இணைத்தது ஆண்டின் நாள்காட்டி. அதே வளாகத்தில் 1948இல் விநய பவனம் தொடங்கியபோது, கலை, கைத்தொழில், இசை ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதே அதன் நோக்கமாக இருந்தது. விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமான 1951இல் அது முழு அளவிலான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக மாறியது. இதை வளர்ச்சி என்றுதான் நிறுவன வரலாறுகள் பதிவு செய்யும். ஆனால் கலையிலிருந்து புறப்பட்டு ஆசிரியப் பணிக்கு வரும் பாதை, பொதுவான ஆசிரியர் பயிற்சி என்ற பெரிய அமைப்புக்குள் ஒரு பகுதியாகச் சுருங்கத் தொடங்கிய திருப்பமும் அதுவே எனக் கருத இடமுண்டு.

இன்னொரு பாதை வார்தாவிலிருந்து கிளம்பியது. 1937 அக்டோபரில் காந்தி கூட்டிய மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் குழு, கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. தமிழரான ஜே.சி. குமரப்பா அதில் உறுப்பினர். குழுவின் அமைப்பாளரான ஆரியநாயகம் இலங்கைத் தமிழர். அதற்குமுன் சாந்திநிகேதனில் தாகூருடன் பணியாற்றியவர். ஆக, இரண்டு பரிசோதனைகளுக்கும் இடையே ஓர் ஆளே பாலமாக இருந்திருக்கிறார். குழு பரிந்துரைத்த கால அட்டவணையை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்தரை மணி நேரப் பள்ளிநாளில் ஆதாரத் தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். சமூகப்பாடமும் அறிவியலும் சேர்ந்து 30 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். கைத்தொழில் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, கலைகள் கணக்கோடு ஒண்டிக்கொண்டன. வார்தாவுக்கு அருகே ஆதாரக் கல்விப் பள்ளி நடந்த சேவாகிராமத்துக்கு 1944இல் வந்த கலாபவன மாணவர் தேவி பிரசாத் குழந்தைகளின் ஓவியத்துக்கும் மண்வேலைக்கும் அங்கே இடம் உண்டாக்கியதைப் பார்க்கும்போது, அந்த இடம் அட்டவணையால் கிடைத்ததில்லை என்பது புரியும். தாமே மண் பிசைந்து பானை வனைந்த ஓர் ஆசிரியரால் கிடைத்தது அது.

ஆதாரக் கல்வி நாடெங்கும் பரவியபோது தடுக்கி விழுந்ததும் ஆசிரியரின் கைப்பழக்கம் என்ற இந்த இடத்தில்தான். தக்ளி என்ற கைக்கதிரில் நூற்றுக்கொண்டே கணக்கும் புவியியலும் வரலாறும் படிக்க வேண்டும் என்பது திட்டம். நூற்பில் நெடுநாள் பழகியவருக்கு இழையின் நீளமும் முறுக்கும் பஞ்சு விளையும் மண்ணும் தாமாகவே பாடமாகும். சில மாதப் பயிற்சியோடு வந்தவர், கதரைப் பற்றி ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிவிட்டு அதையே இணைப்பு என்று பதிவேட்டில் எழுதினார்.

தமிழ்நாட்டு வாசகர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்; கேட்கத்தான் வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டத்தைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் அரசு அதைக் கைவிட்டது. கைத்தொழிலையும் நாட்டார் கலையையும் மறுபடி கல்விக்குள் கொண்டுவருவது சாதித்தொழிலுக்குப் பின்வாசல் திறப்பதாகாதா? இந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அத்திட்டத்தின் அமைப்பைக் கவனித்தால், தொழில் பள்ளிக்குள் வரவில்லை என்பது தெரியும். பிள்ளைதான் வெளியே அனுப்பப்பட்டது, அதுவும் பிறந்த வீட்டின் தொழிலுக்கு. தலைகீழான ஏற்பாடுதான் இதற்கு மாற்று: எந்த வீட்டில் பிறந்தவரானாலும் பறையும் தெருக்கூத்தும் மட்பாண்டமும் கற்க வேண்டும், அவற்றைக் காலங்காலமாகச் செய்தவர்கள் பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அமர வேண்டும். எல்லா மாணவ ஆசிரியர்களும் பறையடிக்கக் கற்கும் வகுப்பில், அந்தக் கருவியின் மீது ஏற்றப்பட்ட இழிவைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. அதுவே சமூகவியல் தாளின் பாதிப் பாடம்.

பின்வந்த அரை நூற்றாண்டை விரைவாகக் கடக்கலாம். கோத்தாரி குழு கைத்தொழிலைப் 'பணி அனுபவம்' ஆக்கியது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு அதையே 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' ஆக்கியது. பெயர்கள் நீண்டன, நேரம் குறுகியது. ஓவியமும் பாட்டும் தையலும் சிறப்பாசிரியர் வசம் போயின. பாட ஆசிரியருக்கு மிஞ்சியவை அட்டைப்படமும் மாதிரியும். 1994இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிய நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டம், முதலாண்டிலேயே நாடகத்தையும் கைவினையையும் செய்முறையாக வைத்தது, அது விதிவிலக்கு. 2005ஆம் ஆண்டுத் தேசியப் பள்ளிக் கலைத்திட்டத்துக்காக சுபா முத்கல் தலைமையில் உருவான அறிக்கை, பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயம் என்றது. 2019இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் கலையோடு இணைந்த கற்றலை வற்புறுத்தியது. 2020ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கை அதை வழிமொழிந்தது. இவை எல்லாமே பள்ளி வகுப்பறையில் முடிந்தாக வேண்டியதைச் சொல்கின்றன. அதை முடிக்கப் போகிற கைகள் எங்கே பழகும் என்பதற்குத்தான் அந்த 50 மதிப்பெண்.

இணைப்பு என்றாலே கலை பிற பாடங்களுக்கு எடுபிடியாகிவிடும் என்பது கலைஞர்கள் சொல்லும் மறுப்பு. பெரும்பாலும் அது உண்மையாகவும் ஆகிறது: முக்கோணங்களுக்கு வண்ணம் தீட்டிவிட்டுக் கணிதமும் கலையும் இணைந்தன என்று ரெக்கார்டில் எழுதப்படுகிறது. சிக்குக்கோலத்தை எடுத்துக்கொள்வோம். செவ்வகமாகப் புள்ளி வைத்து, எங்கும் வெட்டாமல் கம்பியை முறைப்படி புள்ளிகளைச் சுற்றி வளைத்து வந்தால், மூன்றுக்கு ஐந்து புள்ளியில் ஒரே கம்பியில் கோலம் முடியும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு கம்பி வேண்டும். மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று. கம்பிகளின் எண்ணிக்கை அந்த இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. பல கோலங்கள் போட்டு, கம்பி ஏன் பாதியில் மூடிக்கொள்கிறது என்று எரிச்சல்பட்டவருக்கே இந்தக் கேள்வி எழும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1970களில் கோலத்தைக் கணினியியலின் வடிவ இலக்கணமாக ஆராய முடிந்ததற்கும், கோலம் தன்னளவில் ஒழுங்குள்ள ஒரு கலையாக இருந்ததே காரணம். கலையைக் கலையாகவே ஆழ்ந்து செய்தால் கணக்கு அதற்குள்ளிருந்து வெளியே வரும். வெளியிலிருந்து ஒட்டவைத்த கணக்கு தேர்வோடு உதிர்ந்துவிடும்.

எனவே பாடத்திட்டத்தின் வரிசை மாற வேண்டும். முதலாண்டு முழுவதும் ஒவ்வொரு மாணவ ஆசிரியரும் ஏதேனும் ஒரு கலையில் மட்டும், தொழில்முறைக் கலைஞரிடம் பழக வேண்டும். பலகலை அறிமுகம் என்ற பெயரில் வாரம் ஒன்றாகச் சுற்றிக் காட்டுவதைத் தவிர்க்கலாம். கற்பித்தல் முறைத் தாள்களோடு இணைப்பது இரண்டாம் ஆண்டுக்கு உரியது. இருபது வாரப் பள்ளிப் பயிற்சி அதற்குக் களம். எல்லாருக்கும் கலைத்திறன் இல்லையே என்ற கேள்விக்குப் பதில் எளிது. எழுத்தாளராக மாட்டார் என்பதற்காக எவரையும் கட்டுரை எழுதுவதிலிருந்து நாம் விலக்குவதில்லை. மதிப்பீடு சற்றுக் கடினமானது. முடிந்த பொருளுக்கு மதிப்பெண் போட்டால் ஏற்கெனவே பழகியவர் வெல்வார். ஆண்டு முழுதும் செய்த முயற்சிகளையும் திருத்தங்களையும் வரிசையாக வைத்து, கலைஞரும் கல்வியியல் ஆசிரியரும் சேர்ந்து பார்ப்பதே ஓரளவு நியாயமானது. நேரமில்லை என்பது ஈராண்டுப் படிப்பில் மெய்யான சிக்கல். 2023-24இல் தொடங்கிய நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பில் அந்தச் சாக்குக்கும் இடமில்லை. 2030க்குள் அதுவே ஆசிரியப் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதியாகும் என்கிறது கல்விக்கொள்கை. அதற்கான பாடத்திட்டக் குழுக்கள், முதலாண்டில் கலைக்கு வாரம் ஆறு மணி நேரமாவது ஒதுக்க மனமில்லையென்றால், பாடத்திட்டத்தின் தலைப்பிலிருந்து 'ஒருங்கிணைந்த' என்ற சொல்லை நீக்கிவிடுவதே நேர்மை.