தொக்காரியம்

தொக்காரியம் (பெ.): இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் வழக்கொழிந்த ஒரு கிளை. சீனாவின் தாரிம் படுகையில், கூச்சா, துர்ஃபான் பகுதிகளில் கிடைத்த, பிராமி வழி எழுத்தில் அமைந்த பௌத்த ஏடுகளால் தெரியவந்தது. வடமொழியில் 'துகாரர்', கிரேக்கத்தில் 'தொக்காரொய்' என வழங்கும் இனப்பெயரையொட்டி, 1908இல் ஜெர்மானிய அறிஞர்கள் சீக், சீக்லிங் இப்பெயரை நிலைநிறுத்தினர். பொருந்தாப் பெயர்தான், துகாரர் நாடான பாக்திரியாவில் வழங்கியது ஈரானிய மொழி. இதன் 'ஏ', 'பி' என்னும் வகைகளுள் 'பி' கூச்சாவின் மொழி என்று 1913இல் பிரெஞ்சு அறிஞர் சில்வான் லெவி நிறுவினார்.

நூறு என்பதற்கு இதில் 'கந்தெ', வடமொழியில் 'சதம்'. லத்தீனில் 'கெந்தும்'. கிழக்கே பேசப்பட்டும் தொக்காரியம் வடமொழிபோல் சகரமாக்காமல், லத்தீனைப்போல் ககரத்தைக் காத்தது; அறிஞரை வியக்கவைத்தது அதுவே. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் உய்குர் துருக்கியம் அதன் இடத்தைப் பிடித்தது.