கராச்சியில் காத்திருந்த விமானம்

லண்டனையும் இந்தியாவையும் இணைத்த வாராந்தர விமானத் தபால் 1929 மார்ச் 30 அன்று தொடங்கியது. அதை நடத்தியது இம்பீரியல் ஏர்வேஸ். கடைசி நிறுத்தம் கராச்சி. ஏறிய விமானத்திலேயே வந்து இறங்கும் பயணமல்ல அது. லண்டனின் குராய்டனில் புறப்பட்ட தபால் பை சுவிட்சர்லாந்தின் பாசல் நகர் வரை தரை விமானத்தில் வந்தது. பிரிட்டிஷ் விமானம் அந்த வழியே இத்தாலிக்குள் நுழைய அனுமதி இல்லாததால், பாசலிலிருந்து ஜெனோவா வரை ரயில். ஜெனோவா துறைமுகத்தில் ‘கல்கத்தா’ வகைக் கடல் விமானம் காத்திருந்தது. அது மத்தியதரைக் கடலின் துறைமுகங்களில் இறங்கி ஏறி அலெக்சாண்டிரியாவை அடைந்தது. அதற்கு அப்பால் பாலைவனத்தையும் பாரசீக வளைகுடாக் கரையையும் தாண்டியது மூன்று எஞ்சின் கொண்ட ‘ஹெர்குலிஸ்’. மொத்தம் ஏழு நாள்.

ரயில் தாமதமானால் கடல் விமானம் நிற்கும்; கடலில் அலை அதிகமானால் பாலைவன விமானம் நிற்கும். பயணத்தின் வேகத்தைத் தீர்மானித்தது எஞ்சினின் வலுவைவிட, ஓரிடத்தில் இறங்குவதற்கும் அடுத்த வண்டியில் ஏறுவதற்கும் இடையே விட்டிருந்த நேரம்தான்.

இத்தகைய கணக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் புறப்பட்ட ‘போட் மெயில்’ தனுஷ்கோடித் துறை வரை ஓடியது. அங்கே நீராவிக் கப்பல், மறுகரையில் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொரு ரயில். சேலம், திருச்சி மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்த பிறகே இந்த வழியில் கடல் கடந்தன. கப்பலும் ரயிலும் ஒன்றுக்கொன்று நின்று ஏற்றிச் செல்லும் ஏற்பாடு 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை நீடித்தது.

விமானத் தபாலின் தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியா அதன் பயனுக்கு வெளியே இருந்தது. கராச்சிச் சேவை 1929 இறுதியில் டெல்லிக்கு நீட்டப்பட்டதே தவிர, பம்பாய்க்கும் சென்னைக்கும் இணைப்பு இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஒரு வாரத்தில் பறந்து வந்த கடிதம், கராச்சியில் ரயிலேறிச் சிந்துப் பாலைவனத்தையும் குஜராத்தையும் சுற்றி வர வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியைக் கண்டவர் நெவில் வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய இவர், 1929இல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகப் பொதுமக்களை விமானத்தில் ஏற்றிக் காட்டியவர். அதனால் நாட்டின் மைதானங்களும் காற்றும் அவருக்குப் பழக்கம். கராச்சியில் தபாலை வாங்கி அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வரும் திட்டத்தை அவர் ஜே.ஆர்.டி. டாட்டாவிடம் வைத்தார். டாட்டா நிறுவனத்தின் ஜான் பீட்டர்சன் பரிந்து பேச, தலைவர் சர் தொராப்ஜி டாட்டா சம்மதித்தார். முதலீடு ரூ.2 லட்சம். அரசு மானியம் தர மறுத்தது. சுமக்கும் தபாலின் எடைக்கு மட்டும் கூலி என்ற நிபந்தனையை டாட்டா தரப்பு ஏற்றுக்கொண்ட பிறகே, 1932 ஏப்ரலில் பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

1932 அக்டோபர் 15, சனிக்கிழமை. காலை 6.35க்கு ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் ‘புஸ் மாத்’ விமானத்தில் கராச்சியின் ட்ரிக் ரோடு மைதானத்திலிருந்து கிளம்பினார். உள்ளே சுமார் 25 கிலோ தபால். அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்ப நிறுத்தம். பர்மா ஷெல் நிறுவனத்தின் நான்கு காலன் தகரங்கள் மாட்டுவண்டியில் மைதானத்துக்கு வந்தன. பிற்பகல் 1.50க்கு அவர் ஜூஹுவில் இறங்கினார். சென்னைக்குரிய பைகளை ஏற்றிக்கொண்டு வின்சென்ட் அன்றே இரண்டாவது விமானத்தில் புறப்பட்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார்.

பெல்லாரியில் தங்கியதற்குக் காரணம் களைப்பு அல்ல, இருட்டு. விமானத்தில் ரேடியோ இல்லை. மைதானங்களில் விளக்கு இல்லை. வழிகாட்டும் கருவி எதுவும் இல்லை. ஆறு, ரயில் பாதை, மலை இவற்றைக் கண்ணால் பார்த்தே விமானி திசை பிடித்தார். ஆகவே கராச்சி முதல் சென்னை வரையான கால அட்டவணை முழுவதும் சூரிய வெளிச்சத்தை வைத்தே வகுக்கப்பட்டது. கராச்சியில் விடியலில் ஏறினால் மாலைக்குள் பெல்லாரி, மறுநாள் சென்னை. லண்டன் விமானம் நேரத்துக்கு வராமல் ஒரு காலைப்பொழுது தவறினாலும், சென்னை வந்து சேர்வது ஏறக்குறைய ஒரு நாள் தள்ளிப் போகும்.

கடிகாரமும் ஒரு சிக்கல்தான். ரயில்வேயும் தபால் துறையும் இந்தியப் பொது நேரத்தைப் பின்பற்றின. பம்பாய் மாநகராட்சியோ அதைவிட 39 நிமிடம் பின்தங்கிய ‘பம்பாய் நேரத்தை’ 1955 வரை விடவில்லை. ஜூஹுவுக்குத் தபால் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பதில் கவனம் தேவைப்பட்டது.

மழைக்காலம் இன்னும் கடினம். ஜூஹு மைதானம் கடலோரச் சேற்று நிலம். பருவமழையில் நீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் சேவை புனேவுக்கு மாற்றப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையைச் சூழ்ந்த மேகத்துக்கு இடையே சிறு விமானத்தை ஓட்டிச் சென்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விமானிகள். ஜூஹுவில் இருந்ததோ ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, ஒரு பகுதிநேரப் பொறியாளர், பயிற்சியில் இருந்த இரு மெக்கானிக்குகள். இந்த வசதிகளோடு, 1933 அக்டோபரில் முடிந்த முதல் ஓராண்டில் சேவை ஒருநாளும் நேரம் தவறவில்லை என்று சிவில் விமானத் துறையின் அறிக்கை பாராட்டியது. அந்த ஆண்டில் பறந்த தூரம் 1,60,000 மைல், சுமந்த தபால் 10 டன்னுக்கு மேல், லாபம் ரூ.60,000. இந்திய விமானப் போக்குவரத்தின் பெருமைகளில் பின்னாளின் பெரிய விமானங்களுக்குத் தரப்படும் இடம் இந்த ஓராண்டுக்கும் தரப்பட வேண்டும்.

சென்னையில் இறங்கிய பைகள் மீண்டும் ரயிலேறின. சேலத்துக்கான கடிதங்கள் ஜோலார்பேட்டை வழியாகச் சூரமங்கலத்தில் உள்ள ஜங்ஷனுக்கு வந்து, ஊருக்குள் போயின. சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டுக்கு ஏறும் சாலை சேலத்தின் அஸ்தம்பட்டியிலிருந்துதான் பிரிகிறது. அம்மலையின் காபித் தோட்டக்காரர்களுக்குரிய தபாலும் அந்தச் சாலையில்தான் மேலே போயாக வேண்டும். 1820களிலிருந்து காபி விளைந்த மலை அது. மறுதிசையில் கடிதம் எழுதுபவர் பின்னிருந்து முன்னாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. மேற்கே போகும் விமானம் கராச்சியை விட்டுக் கிளம்பும் நாள் எது, அதற்குச் சென்னையில் தபால் சேர வேண்டிய நேரம் எது, அந்த நேரத்துக்கு முன் சேலத்தைத் தாண்டும் ரயில் எது என்று பார்த்த பிறகே மலையிலிருந்து ஆள் கீழே அனுப்பப்பட வேண்டும். ரயிலைத் தவறவிட்ட கடிதம் அடுத்த வார விமானத்துக்காகக் கிடக்கும். 1935இல் லண்டன் சேவை வாரம் இருமுறையானபோது இந்த இழப்பு பாதியாகக் குறைந்தது.

1938 பிப்ரவரி 23 முதல் பேரரசு விமானத் தபால் திட்டம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் விரிந்தது. விமானத் தபாலுக்குரிய தனிக்கட்டணம் நீங்கி, முதல் வகுப்புக் கடிதங்கள் எல்லாமே வானில் செல்லத் தொடங்கின. இதற்குள் லண்டன் வழியில் ஷார்ட் நிறுவனத்தின் ‘எம்பயர்’ கடல் விமானங்கள் வந்துவிட்டன. அவை சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கிளம்பி, கராச்சியில் கோரங்கி கழிமுகத்தின் நீரில் இறங்கின. பிறகு ராஜஸ்தானின் ராஜசமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத் நீர்நிலைகளைத் தொட்டுக் கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றுக்குப் பறந்தன. தென்னிந்தியத் தபால் கராச்சியிலேயே இறக்கப்பட்டு டாட்டா விமானத்துக்கு மாறியது. பிப்ரவரி 28 அன்று டாட்டா பாதை சென்னையைத் தாண்டித் திருச்சி வழியாகக் கொழும்பின் ரத்மலானை வரை நீண்டது. கடல் விமானத்தில் வந்த பை தரை விமானத்துக்கு மாறி, பாக் நீரிணையைத் தாண்டித் தீவை அடைந்த முதல் ஏற்பாடு இதுதான். போட் மெயிலின் கப்பல் ஏறிக்கொண்டிருந்த லண்டன் தபால், திருச்சியிலிருந்து நேரே பறந்தது.

ஓராண்டு கடந்து சில மாதங்களில் போர் மூண்டது; 1939 செப்டம்பரோடு பேரரசுத் தபால் திட்டம் நின்றது. சில கடல் விமானங்கள் போர்ப்பணிக்குப் போயின. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் ‘கட்டலினா’ கடல் விமானங்கள் நிறுத்தப்பட்டன. இலங்கையின் கொக்கலை ஏரிக்கு 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து குவான்டாஸ் கட்டலினாக்கள் இடைநிறுத்தம் இன்றிப் பறந்து வந்தன. ஒரே பயணத்தில் 27 மணி நேரத்துக்கு மேல் ஆனதால், பயணிகள் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள். போருக்குப் பின் நீண்ட ஓடுபாதைகள் எங்கும் இருந்தன. பெரிய கடல் விமானங்களின் காலம் முடிந்தது.

இந்தப் பகுதியில் கடல் விமானம் பயணிகள் இணைப்பாக மீண்டும் உயிர்பெற்றது மாலத்தீவில். அங்கே முதல் உல்லாச விடுதியான குரும்பா 1972இல் திறந்தது. தலைநகர் மாலேயின் ஹுலுலே விமான நிலையம் 1981இல் சர்வதேச நிலையமானது. 1990களில் இரட்டை எஞ்சின் ‘ட்வின் ஆட்டர்’ விமானங்கள் மிதவைகளுடன் வந்து, படகில் பல மணி நேரமாகும் தொலைதூரத் தீவுகளை அரைமணி, முக்கால் மணிப் பயணமாக்கின. பெல்லாரியில் வின்சென்ட்டை நிறுத்திய அதே காரணம் இங்கும் உண்டு. தண்ணீரில் இறங்கும் விமானி அலையையும் காற்றையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். எனவே பகலில் மட்டுமே பறக்கலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகளில் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும். பிற்பகல் 3.30 மணியை ஒட்டி மாலேயில் இறங்காத பயணி, பெரும்பாலும் அங்கே ஓர் இரவு தங்கித்தான் மறுநாள் தீவுக்குப் போக முடியும். வந்து சேரும் சர்வதேச விமானங்களின் பட்டியலைப் பார்த்து, எந்தத் தீவுக்கு எந்த வரிசையில் பறப்பது என்பது முந்திய மாலைதான் முடிவாகும்.

சேலத்திலிருந்து போகிறவர்கள் இன்றும் பின்னிருந்தே கணக்கிடுகிறார்கள். காமலாபுரம் விமான நிலையத்தில் 2018 மார்ச்சில் சென்னைச் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2023 அக்டோபரில் விமானங்கள் திரும்பின. அங்கிருந்து மாலேக்கு நேரடி விமானம் கிடையாது. பெங்களூரு, கொச்சி போன்ற நகரங்களில் மாறியாக வேண்டும். அதனால் பலர் முதல் நாள் இரவே ரயிலிலோ காரிலோ பெங்களூரு போய்க் காலை விமானத்தைப் பிடிக்கிறார்கள். மாலே நேரம் இந்திய நேரத்தைவிட அரைமணி பின்தங்கியது. விருந்தினருக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கப் பல விடுதித் தீவுகள் மாலேயைவிட ஒரு மணி முன்னே கடிகாரத்தை வைத்திருக்கின்றன. திரும்பும் நாளில் தீவின் கடிகாரம், மாலேயின் கடிகாரம், ஊரின் கடிகாரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் இணைப்பு விமானத்தின் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.