மெலிவும் பருமனும்

1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. 1956-இல் காமராசர் ஆட்சியிலும் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் அது மாநிலத் திட்டமாய் விரிந்தது. அவ்வரலாறு முழுவதும் பசியோடு நடத்திய போராட்டமே. பசியறிந்த அத்தலைமுறையினர் இன்று நம் இல்லத்துப் பாட்டன் பாட்டிமார். பேரப்பிள்ளையின் கொழுத்த கன்னத்தை அவர்கள் பரக்கத்தாகக் காண்பதில் வியப்பென்ன? அவர்களைக் கடிந்து பயனில்லை.

ஆயினும் நோய் இன்று வேறு வாயிலால் நுழைகின்றது. ஐரோப்பியரைவிடக் குறைந்த பருமனிலேயே தெற்காசியரை நீரிழிவு பற்றுகின்றது என்பது மருத்துவர் கண்ட உண்மை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தெற்காசிய முஸ்லிம் குடும்பங்கள் மிகுதி. அங்குள்ள ஆய்வாளர்கள் சமுதாயத்தாரைக் கலந்து பேசிய பின்னரே, சிறார் பருமனைத் தடுக்கத் திட்டம் வகுத்தனர். 54 பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. பிள்ளைகளின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை! பள்ளிக்கூடத்தின் வழியே மட்டும் இக்காரியம் கைகூடாது. வீடும் தெருவும் பள்ளிவாசலும் துணைநிற்றல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க படிப்பினை.

நமக்கோ இது புதிய பாடமன்று. வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்குமாக மூன்று கூறாக்கும் வழியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிச் சென்றார்கள். 1037-இல் மறைந்த இப்னு சீனா, 'கானூன்' என்னும் மருத்துவ நூலில், துயிலெழுந்த பிள்ளை குளித்து, விளையாடி, சிறிது உண்டு, மறுபடியும் நெடுநேரம் விளையாட வேண்டும் என்று முறை வகுத்தார். உணவுக்கு முன்னும் பின்னும் விளையாட்டு!

இங்கேதான் ஓதிக்கொடுக்கும் என் போன்றோர் தலைகுனிய வேண்டியுள்ளது. சாத்தாங்காட்டை எண்ணிப் பாருங்கள். இரும்புச் சந்தைக்கு லாரிகள் வந்துபோகும் சாலையில் பிள்ளை ஓடியாடுவது எங்ஙனம்? பள்ளி விட்டதும் மக்தப்; மக்தப் விட்டால் மஃரிப். இடையே கையில் ஒரு பொரித்த பண்டம். விளையாட்டுப் பொழுதை எடுத்துக்கொண்டவர்கள் நாமும்தாம்.

விருந்தோம்பலை விடவேண்டியதில்லை, பிரியாணியைப் பழிக்கவேண்டியதுமில்லை. நோன்புக் கஞ்சி இருக்க, பொரித்தவற்றைக் குறைக்கலாம். ஓதுமுன் அரைமணி நேரம் பள்ளிவாசல் முற்றத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். பெண்மக்களுக்கும் அதில் பங்கு வேண்டும்.

உடலும் ஓர் அமானிதம். அதனைப் பேணும் முறையையும் ஓதிக்கொடுப்பது நம் கடமையன்றோ?